கடைசிப் பதினைந்து நிமிடம்

2019 ஜனவரியில் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில் தோற்றுவிட்டுத் திரும்பிய ராத்திரி, வேனில் யாரும் யாரோடும் பேசவில்லை. 55-ஆவது நிமிடம் வரை 1-0 என்று நாங்கள்தான் முன்னால் இருந்தோம். எங்கள் மகளிர் போட்டிகளில் ஆட்டத்தின் ஒரு பாதிக்கு 35 நிமிடம், மொத்தம் 70. ஆக மிச்சம் இருந்தது பதினைந்தே நிமிடம். அதற்குள் மூன்று கோல் வாங்கினோம். மூன்றாவது கோல் விழும்போது நான் ஸ்டாப்பர் இடத்தில், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில், நின்றிருந்தேன். பந்து என்னைத் தாண்டிப் போவது தெரிகிறது, திரும்பி ஓட வேண்டும் என்பதும் தெரிகிறது, கால் மட்டும் எழவில்லை. அந்தக் கால் கனம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"ஸ்டாமினா பத்தல" என்றார்கள் எல்லோரும். சரி, நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மறுவாரமே மைதானத்தைப் பத்து ரவுண்டு, பன்னிரண்டு ரவுண்டு என்று சுற்ற ஆரம்பித்தோம். இரண்டு வாரத்தில் மூன்று பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இது காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றின் கதை. அதற்கு அடுத்த வருடம் அதே போட்டியில் நாங்கள் கோப்பை வாங்கினோம். எப்படி வாங்கினீர்கள் என்று இப்போதும் கேட்கிறார்கள், குறிப்பாகப் பள்ளிகளில் பெண்கள் அணி நடத்தும் உடற்கல்வி ஆசிரியர்கள். நானும் இப்போது ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் பி.டி. மேடத்திடம் ஒரு நீளவாக்கு நோட்டு உண்டு. ஒவ்வொரு கோலும் எத்தனையாவது நிமிடத்தில் விழுந்தது என்று அதில் குறித்து வைப்பார். தோற்ற வருடம் நான்கு ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கியிருந்தோம். 2019 ஜூனில் கல்லூரி திறந்த முதல் வாரம், அந்த நோட்டைத் தரையில் விரித்து வைத்து எங்களையே எண்ணச் சொன்னார். ஒன்பதில் ஏழு, 55-ஆவது நிமிடத்துக்குப் பிறகு. அதைப் பார்த்ததும், "இன்னும் நெறைய ஓடணும் மேடம்" என்றேன். நான்தான் அந்த வருடம் கேப்டன். மேடம் அதற்குப் பதில் சொல்லவில்லை. நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, பதினாறு பேரின் ஊரையும் வரிசையாக எழுதினார். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார், ஊர் பெயர்தான்: கல்லல், புதுவயல், பள்ளத்தூர், சாக்கோட்டை. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு நான்கே கேள்வி. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய்? என்ன சாப்பிட்டாய்? எந்த பஸ்ஸில் வந்தாய்? எந்த பஸ்ஸில் போவாய்?

இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது விளங்கியது. பதினாறு பேரில் ஒன்பது பேர் காலை ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள். அந்த நேரத்தில் வீட்டில் இட்லி வெந்திருக்காது. ஒரு டம்ளர் டீயோடு கிளம்பிவிடுவார்கள். மதியம் டப்பாவில் எலுமிச்சைச் சோறோ புளிச்சோறோ பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவது. பயிற்சி சாயங்காலம் நாலரைக்கு. அதாவது நாளில் ஒரே ஒரு சாப்பாடு, அதுவும் நாலு மணி நேரத்துக்கு முன்னால். இந்த வயிற்றோடுதான் நாங்கள் பத்து ரவுண்டு ஓடிக்கொண்டிருந்தோம். போதாதற்கு ஐந்து நாற்பது பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குமேல் என்பதால், அந்த ஒன்பது பேரும் ஐந்தரைக்கெல்லாம் பையைத் தூக்கிவிடுவார்கள். பதினொரு பேரும் முழுசாகச் சேர்ந்து ஒருமணி நேரம் ஆடியதே இல்லை, நேராகப் போட்டியில்தான் ஆடினோம்.

முதலில் மாறியது நேரம். வாரத்தில் மூன்று நாள் கடைசி வகுப்பை விளையாட்டு நேரமாக்கக் கல்லூரியில் மேடம் அனுமதி வாங்கினார். பயிற்சி மூன்றரைக்குத் தொடங்கி ஐந்து பத்துக்கு முடிந்தது. ஐந்து பத்து என்றால் ஐந்து பத்துதான். ஒரு நிமிடம் கூடினாலும் அடுத்த நாள் ஒருத்தியின் வீட்டில் பிரச்சினை வரும் என்று அவருக்குத் தெரியும். இப்போது அணி நடத்துகிற யாராவது என்னிடம் கேட்டால், பயிற்சித் திட்டம் எழுதுவதற்கு முன்னால் பஸ் டைம் எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். நம் ஊர்ப்பக்கம் பெண் பிள்ளை விளையாட்டை விடுவதற்குப் பெரும்பாலும் விளையாட்டு காரணமே இல்லை, இருட்டிய பிறகு பஸ் ஸ்டாப்பில் நிற்பதுதான்.

அடுத்து சுண்டல். மூன்று மணிக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம். கல்லூரி கேன்டீன் ஆச்சி முதல் நாள் இரவே ஒரு கிலோ கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு விடுவார். ஒரு கிலோ ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், பதினாறு பேருக்குத் தாராளம். மேலே எலுமிச்சம்பழம் பிழிந்து, கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லம். ஆளுக்கு ஆறு ரூபாய், குறைந்ததை மேடம் போட்டார். முதல் வாரம் சிலருக்கு வயிறு பொருமியது. ஓடுவதற்கு முன்னால் சாப்பிட்டால் வாந்தி வரும் என்று பயந்தவர்களும் உண்டு. அளவைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்ததில் சரியாகிவிட்டது. அரை மணி நேரம் முன்னால் கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. வெறும் வயிற்றில் ஓடினால்தான் தலை சுற்றும்.

இவ்வளவு செய்தும் ஒருத்தி மட்டும் தேறவில்லை. எங்கள் வலது விங், அதாவது வலது ஓரத்தில் ஆடுபவள், கல்லல். முதல் இருபது நிமிடம் அவளைப் பிடிக்க எந்த அணியிலும் ஆள் கிடையாது. அப்புறம் நடக்க ஆரம்பித்துவிடுவாள். பந்து பக்கத்தில் வந்தாலும் நின்று பார்ப்பாள். போன வருட அரையிறுதியில் இரண்டாவது கோல் அவள் பக்கமாகத்தான் வந்தது. ஜூலையில் ஒருநாள் பயிற்சியில் எல்லோர் முன்னாலும், "சோம்பேறி, ஒன்னாலதான் நாங்க தோத்தோம்" என்று கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஷூ லேஸை அவிழ்த்தாள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அந்தத் தலை குனிந்த நிற்பு எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அந்த வாரம் மேடம் எங்கள் பதினாறு பேரையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. எங்களில் ஏழு பேர் 12-க்குக் கீழே. எனக்கே 11.4. கல்லலுக்கு 8.6.

டாக்டரம்மா அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ரத்தத்தோட இவ நடமாடுறதே பெருசு, இவள நீங்க பந்து வெளையாட விட்டிருக்கீங்க" என்றார். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின்தான். அது குறைந்தால் தசைக்குப் போய்ச் சேர வேண்டியது சேராது. முதல் இருபது நிமிடம் வேகமாக ஓட முடிந்தவளால் அப்புறம் ஏன் முடியவில்லை என்பதற்கு அந்தச் சீட்டில் பதில் இருந்தது. தனியாக விசாரித்தபோதுதான் சொன்னாள்: மாதவிலக்கு ஒவ்வொரு முறையும் எட்டு நாள், ஒன்பது நாள் போகிறதாம். யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். அம்மாவும் அப்படித்தான் என்றாளாம்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, எனக்கே நான் சோம்பேறின்னுதான் தோணுச்சு" என்றாள்.

இதை நான் விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21 சுற்று வரை அடுத்தடுத்துச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஒரு பெண்கள் அணியில் பதினோரு பேர் நின்றால் ஐந்தாறு பேருக்காவது இது இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஓட முடியாதவளை இன்னும் இரண்டு ரவுண்டு ஓடச் சொல்கிறோம். பயிற்சி ஆரம்பிக்கும் ஜூன் மாதமே பரிசோதித்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசு கேட்க மாட்டார்கள், ஒரு துளி ரத்தம் போதும்.

மாத்திரை விஷயத்திலும் நாங்கள் தடுமாறினோம். பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுத்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக வீசியவர்கள் எங்களில் பாதிப் பேர். இப்போதும் மூன்று நாள் போட்டுவிட்டுக் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிட்டார்கள். மலம் கறுப்பது அந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம் என்று டாக்டர் மாற்றிக் கொடுத்தார். முக்கியமான இன்னொன்று டீ. சாப்பிட்டதும் டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது, ஒருமணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் நன்றாக ஒட்டும். சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்தது ருசிக்காக என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கல்லல் வீட்டுக்கு மேடமும் நானும் போனோம். அப்பா வெளிநாட்டில். வீட்டில் அப்பத்தா வைத்ததுதான் சட்டம். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று மேடம் சொன்னதும், "பொம்பளப் புள்ளைக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும். நானெல்லாம் அப்படித்தான் இருந்தேன், ஆறு புள்ள பெக்கலையா?" என்றார். மேடம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீங்க அப்படி இருந்தீங்கன்னா இவளும் அப்படியே இருக்கணுமா ஆத்தா?" என்று கேட்டார். அப்பத்தா பதில் சொல்லவில்லை. பேத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் முருங்கைக்கீரை ஒரு கட்டு, நாங்கள் கொண்டு போவதற்கு. அடுத்த மாதத்திலிருந்து ராத்திரி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது அவர்தான் என்று இவள் வந்து சொன்னாள். அரைக்கால் டிரவுசர் போடக் கூடாது என்பதில் மட்டும் அப்பத்தா இறங்கி வரவில்லை. அதனால் டிரவுசர் நிறத்திலேயே நீளமான டைட்ஸ் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டாள். விதிப்படி டைட்ஸும் டிரவுசரும் ஒரே நிறத்தில் இருந்தால் ரெஃபரி ஒன்றும் சொல்ல முடியாது. இப்படிச் சின்ன வழி எப்போதும் ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு வீட்டோடு சண்டைக்குப் போனால் ஆள்தான் போகும்.

விதி என்றதும் கோல்கிக் கதையைச் சொல்ல வேண்டும். எதிரணி கடைசியாகத் தொட்ட பந்து நம் கோலுக்குப் பக்கத்துக் கோட்டைத் தாண்டி வெளியே போனால், கோலுக்கு முன்னாலிருந்து நாம் உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவதுதான் கோல்கிக். எங்கள் கோல்கீப்பர் புதுவயல். கை அருமையான கை, காலில் பலம் இல்லை. அவள் அடிக்கும் கோல்கிக் இருபத்தைந்து மீட்டர் போனால் பெரிது. நேராக எதிரணிக்காரி காலில் விழும். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடி அடைக்க வேண்டும். ஒவ்வொரு கோல்கிக்கும் எங்களுக்கு ஒரு வீண் ஓட்டம். ஆகஸ்டில் மேடம் புது விதிப்புத்தகத்தை எடுத்து வந்தார். 2019 ஜூன் 1 முதல் கோல்கிக் விதி மாறியிருந்தது. அதற்கு முன் பந்து, கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டமான பெனால்டி ஏரியாவை விட்டு வெளியே போன பிறகுதான் அடுத்தவர் தொடலாம். புது விதியில் உதைபட்டுப் பந்து நகர்ந்தாலே ஆட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. ஏரியாவுக்கு உள்ளேயே நம் ஆள் வாங்கிக்கொள்ளலாம், எதிரணி அதுவரை வெளியேதான் நிற்க வேண்டும்.

எங்களுக்கென்றே எழுதியது போல இருந்தது. நான் கோலுக்கு வலது பக்கம், பள்ளத்தூர் இடது பக்கம், இரண்டு பேரும் ஏரியாவுக்குள். புதுவயல் மெதுவாகத் தள்ளுவாள், வாங்கி ஓரமாக ஏற்றிக்கொண்டு போவோம். இரண்டு மாதம் தினமும் இருபது தடவை இதையே செய்தோம். எதிரே நான்கு பேரை விட்டு நெருக்கச் சொல்லியும் பழகினோம். முதல் லீக் ஆட்டத்தில் இதைச் செய்தபோது எதிர்ப்பக்கப் பெஞ்சிலிருந்து "ரெஃபரி, பால் வெளிய வரல" என்று சத்தம் போட்டார்கள். ரெஃபரி கையை அசைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். விதிப்புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது, வருடா வருடம் ஜூன், ஜூலை வாக்கில் மாற்றங்கள் வரும். படித்தால் காசில்லாமல் ஒரு ஆயுதம்.

ரவுண்டு ஓடுவதை அறவே விட்டோம். பதிலுக்கு முப்பதுக்கு இருபது மீட்டர் கட்டம் போட்டு நாலுக்கு நாலு, அதாவது நாலு பேருக்கு எதிராக நாலு பேர். மூன்று நிமிடம் முழு மூச்சாக, இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி. ஆறு முறை. கால்பந்தில் ஒரே சீராக யாரும் ஓடுவதில்லை. பாய்கிறோம், நிற்கிறோம், திரும்புகிறோம், மறுபடி பாய்கிறோம். பயிற்சியும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகஸ்டில் நாலாவது சுற்றுக்கே படுத்துவிட்டோம். நவம்பரில் ஆறும் முடித்து இன்னொன்று கேட்டோம். ரத்தம் குறைவாக இருந்தவர்களை டாக்டர் சொன்னபடி மெதுவாகத்தான் ஏற்றினார். கல்லல் முதல் ஆறு வாரம் சுற்றுக்கு ஒரு நிமிடம்தான்.

எங்கள் மைதானம் செம்மண்ணும் சரளையும். விழுந்தால் முட்டி தோல் உரிந்து வரும். 2018 நவம்பர் கஜா புயலில் ஓரத்து வேப்பமரம் சாய்ந்து ஒரு கோல்போஸ்ட் வளைந்து போயிருந்தது, அந்த வருடம் முழுக்க அந்த வளைந்த போஸ்ட்டில்தான் ஆடினோம். ஐப்பசி மழையில் பத்து நாள் மைதானமே ஊருணியாகக் கிடந்தது. வராந்தாவில் பாஸ் மட்டும் பழகினோம்.

ஒரு தப்பை மறைக்காமல் சொல்ல வேண்டும். மழை விட்டதும் இழந்த நாட்களைப் பிடிக்கும் அவசரத்தில் வார்ம்அப்பைச் சுருக்கிவிட்டோம். நவம்பரில் ஒரு சாயங்காலம் சாக்கோட்டை, பக்கத்தில் ஆளே இல்லாமல், ஓடி வந்து திரும்பும்போது முட்டி மடங்கி விழுந்தாள். உள்ளே டப்பென்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னாள். முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிந்திருந்தது. ஆண் வீரர்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம் வரும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தோம். ஃபிஃபா லெவன் பிளஸ் என்று இருபது நிமிட வார்ம்அப் ஒன்று இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முட்டி உள்ளே சாயாமல் இறங்குவது, தொடைப் பின்தசைக்கான பயிற்சி என்று. எந்தச் சாமானும் தேவையில்லை. வாரம் இரண்டு தடவை ஒழுங்காகச் செய்தாலே காயம் கணிசமாகக் குறைகிறது. மறுநாளிலிருந்து செய்தோம். ஜூனிலேயே செய்திருக்க வேண்டியது. சாக்கோட்டைக்கு அந்த சீசன் போனது போனதுதான். என் பள்ளிப் பிள்ளைகளிடம் இன்று நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் அந்த இருபது நிமிடம்.

கல்லூரி ஓய்வறைச் சுவரில் மேடம் ஒரு பேப்பர் கட்டிங்கை ஒட்டியிருந்தார். 2019 மே மாதம் மதுரை சேது எஃப்.சி. பெண்கள் இந்திய மகளிர் லீக்கை வென்ற படம். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். அதைப் பற்றி மேடம் ஒரு நாளும் பேசியதில்லை, ஒட்டியதோடு சரி. சாக்கோட்டை முட்டியில் கட்டோடு வந்து தினமும் அதன் கீழேதான் உட்காருவாள். நிமிடக் கணக்கு நோட்டு அவள் கைக்குப் போனது.

போட்டி 2020 ஜனவரிக் கடைசி வாரம். பொங்கல் முடிந்து தை 3 சிராவயல் மஞ்சுவிரட்டு, வீடு நிறையச் சொந்தக்காரர்கள், பெண் பிள்ளைகளுக்கு அடுப்படி வேலை. அணி சிதறுவது வழக்கமாக அந்த வாரத்தில்தான். மேடம் அதற்கும் முன்கூட்டியே பொங்கல் அன்றும் மறுநாளும் முழு விடுமுறை என்று சொல்லிவிட்டு, மற்ற நாட்களுக்கு வீட்டிலேயே செய்கிற கால்மணி நேரப் பயிற்சியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டு வேலை செய்தது போகத்தான் பயிற்சி என்றும் அதில் எழுதியிருந்தது, பெரியவர்கள் கண்ணில் படட்டும் என்று.

லீக்கில் 2-0, 1-1, 3-1. அரையிறுதி 1-0. இந்த நாலு ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் வாங்கிய கோல், நாலு ஆட்டத்திலும் சேர்த்து, பூஜ்யம். சாக்கோட்டை நோட்டில் அந்தக் கட்டம் காலியாகவே வந்துகொண்டிருந்தது. இறுதியில் போன வருடம் எங்களைத் தோற்கடித்த அதே அணி.

22-ஆவது நிமிடம் நாங்கள் கோல் போட்டோம். அழகான கோல் என்று சொல்ல மாட்டேன். கார்னரில் வந்த பந்து இரண்டு மூன்று பேர் மேல் பட்டு, பள்ளத்தூர் முட்டியில் பட்டு உள்ளே போனது. 1-0. இடைவேளையில் எலுமிச்சை உப்புத் தண்ணீர், ஆளுக்கு ஒரு வாழைப்பழம். மேடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அம்பத்தஞ்சாவது நிமிஷம் நான் எந்திரிச்சு நிப்பேன். அப்ப இருந்து புது மேட்ச்னு வச்சுக்கங்க."

எழுந்து நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே ஸ்கோர், அதே நிமிடம், அதே மஞ்சள் ஜெர்சி. பிறகு கவனித்தேன், என் கால் கனக்கவில்லை. மூச்சு வாங்குகிறது, ஆனால் கால் சொன்னதைக் கேட்கிறது. 58-இல் ஒரு ஃப்ரீகிக், புதுவயல் இரண்டு கையாலும் மேலே தட்டிவிட்டாள். 61-இல் இரண்டு பேரை மாற்றினோம். மாறி வந்த இரண்டு பேரும் ஆறு மாதமாக நாலுக்கு நாலில் எங்களை அடித்துப் பழகியவர்கள், வந்ததும் தெரியாமல் பொருந்திக்கொண்டார்கள். 64, 65 இரண்டு நிமிடமும் பந்து எங்கள் பாதியை விட்டுப் போகவில்லை. எதிர்ப்பக்கம் ஒருத்தி இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாள். போன வருடம் நான் நின்ற மாதிரி.

68-ஆவது நிமிடம். நாங்கள் கார்னர் எடுக்கப் போய், நான் உட்பட எல்லோரும் முன்னால். பந்து பறிபோனது. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு பந்தோடு தனியாக ஓடுகிறாள், எதிரே புதுவயல் மட்டும். நான் திரும்பி ஓடுகிறேன், எட்டாது என்று தெரிகிறது. என் வலது தோளுக்குப் பக்கத்தில் தடதடவென்று ஒரு சத்தம், என்னைத் தாண்டிப் போகிறது ஒரு உருவம். கல்லல். பாதி மைதானம் ஓடி, பெனால்டி ஏரியாக் கோட்டுக்கு இரண்டு அடி முன்னால், அவள் உதைக்கக் காலைத் தூக்கும் நேரத்தில், பக்கவாட்டில் சறுக்கிப் பந்தை மட்டும் வெளியே தட்டினாள். அந்தச் சரளையில் சறுக்கினால் தொடை என்னாகும் என்று எங்களுக்குத் தெரியும். டைட்ஸ் இடுப்புவரை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கை கொடுத்துத் தூக்கினேன். "த்ரோக்கா, ஆள மார்க் பண்ணு" என்றாள்.

விசில் அடித்ததும் எல்லோரும் ஓடியது சாக்கோட்டையிடம். அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே 70 என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி எட்டு மணிக்குக் காரைக்குடி வந்து இறங்கினோம். ஊர்ப் பிள்ளைகளை அழைத்துப் போக வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். கோப்பையை அன்று யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது. கல்லூரியில் வைக்கும்வரை மேடம் வீட்டில் இருப்பதுதான் முறை. "அப்பத்தாகிட்ட ஒரு தடவ காமிச்சுட்டு காலைல கொண்டாந்துர்றேன் மேடம்" என்று கல்லல் கேட்டாள். மேடம் ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மடியில் வைத்தே கொண்டுவந்தாளாம். துண்டைப் பிரித்தால், கோப்பையின் நெற்றியில் விபூதி, நடுவில் குங்குமம். உள்ளே வாழை இலை விரித்து, கழுத்துவரை தாளித்த கொண்டைக்கடலை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அப்பத்தா அவித்ததாம், இன்னும் சூடு இருந்தது. கேன்டீன் ஆச்சி கரண்டி எடுத்துவந்து பதினாறு கிண்ணத்திலும் போட்டார். அடியில் ஒரு கைப்பிடி மிஞ்சியது, அதை மேடத்துக்குக் கொடுத்தோம். எலுமிச்சம்பழம் எங்கே என்று கேட்டார்.